சிப்பாய் இல்லாத கோட்டை

வேலூரைக் கிண்டல் பண்ண ஒரு பழைய வசனம் உண்டு. தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்... இப்படியே போகும். இதில் கோயில் சமாச்சாரம் 1981-லேயே காலாவதி ஆகிவிட்டது. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து ஜலகண்டேஸ்வரர் கோயிலில் வைத்தாகிவிட்டது. காலியான அந்த இடத்தில் இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். சிப்பாய் இல்லாத கோட்டை!

"ஜூலை 10 வந்தால் மாலை போடுகிறார்களே, மக்கான் பக்கம் நினைவுத்தூண் இருக்கிறதே, 2006-ல் தபால் தலைகூட வந்ததே" என்று கேட்கலாம். எல்லாம் உண்மை. ஆனால் மாலை காய்ந்ததும் ஆரம்பிக்கிற பேச்சு என்ன? 1806 முதலா, 1857 முதலா? வேலூரா, மீரட்டா? நடுவில் பூலித்தேவன், வேலு நாச்சியார், மருது சகோதரர்கள் என்று ஆளுக்கொரு முதல். சுதந்திரப் போராட்டம் என்ன ரேங்க் கார்டா? இந்தச் சண்டையில் அந்த இடமும் அந்த மனிதர்களும் காணாமல் போகிறார்கள் என்பதுதான் கொடுமை.

வேலூர் கோட்டை சினிமா செட் அல்ல, பிக்னிக் ஸ்பாட்டும் அல்ல. விஜயநகரக் காலத்தில், 16-ஆம் நூற்றாண்டில், கருங்கல்லால் கட்டப்பட்ட ராணுவத் தளம். பரப்பு 133 ஏக்கர். வெளியே தாழ்ந்த சுவர், உள்ளே உயர்ந்த சுவர், வட்டமும் சதுரமுமாகக் கொத்தளங்கள், சுற்றிலும் அகழி. ஒரு காலத்தில் உள்ளே போக இழுவைப் பாலம்தான். 1678-ல் இதைப் பிடிக்க மராத்தியப் படைக்கு ஓராண்டுக்கும் மேல் முற்றுகை தேவைப்பட்டது. 1780-ல் முற்றுகை போட்ட ஹைதர் அலி படையால் கடைசிவரை பிடிக்கவே முடியவில்லை. அகழி, சுவர், கொத்தளம் எல்லாமே பகைவன் வெளியே இருந்துதான் வருவான் என்று நம்பிக் கட்டியவை.

அந்தக் கணக்கு 1806-ல் பொய்த்தது. அதற்குக் காரணம் ஒரு தலைப்பாகை.

1805 நவம்பரில் சென்னை ராணுவத்துக்குப் புதிய உடை விதிகள் வந்தன. அணிவகுப்பில் நெற்றியில் சமயச் சின்னம் கூடாது, கடுக்கன் கூடாது, தாடி கூடாது. அதோடு தோல் குஞ்சம் வைத்த, தொப்பி மாதிரியான புதுத் தலைப்பாகை. இந்துவுக்கும் ஆகாது, முஸ்லிமுக்கும் ஆகாது. சிப்பாய்கள் எடுத்த எடுப்பில் துப்பாக்கி தூக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மே மாதமே வாய் திறந்து மறுத்தார்கள். கிடைத்தது கசையடி. சதி நடக்கிறது என்று முன்கூட்டியே சொன்ன முஸ்தபா பேக் என்ற சிப்பாயைப் பைத்தியக்காரன் என்று ஒதுக்கினார்கள். கீழே இருப்பவன் சொன்னால் காதில் ஏறாது. எல்லா நிர்வாகத்துக்கும் உள்ள வியாதி!

1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு திப்புவின் குடும்பத்தை இதே கோட்டை மகால்களில்தான் வைத்திருந்தார்கள். ஜூலை 9 அங்கே கல்யாணம். அதைச் சாக்கிட்டுச் சிப்பாய்கள் உள்ளே கூடினார்கள். நள்ளிரவுக்குப் பின் வெள்ளையர் பாரக்ஸ் மீது குண்டு பாய்ந்தது. தூங்கியவர்கள் தூக்கத்திலேயே செத்தார்கள். மருத்துவமனையில் நோயோடு படுத்திருந்தவர்களையும் விடவில்லை. கோட்டைத் தளபதி பான்கோர்ட் இறந்தார். விடியும்போது மைசூர்க் கொடி ஏறியது.

அப்புறம்? ஜெயித்தவர்கள் கொள்ளையில் இறங்கினார்கள், வாசலைக் கோட்டைவிட்டார்கள். சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி ஆற்காட்டில் இருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்தார். முதலில் அவரோடு வந்தவர்கள் சுமார் 20 பேர். மதில் மேல் தோட்டா தீர்ந்து நின்ற சுமார் 60 வெள்ளைச் சிப்பாய்கள் மேலிருந்து அவரைக் கட்டித் தூக்கினார்கள். பின்னால் வந்த பீரங்கி கதவைத் தகர்த்தது. மாதக்கணக்கில் படைகளைத் தடுத்த கோட்டை, காவல் இல்லாத ஒரு வாசலால் சில மணி நேரத்தில் கைமாறியது.

மகாலில் ஒளிந்த நூறு பேருக்கும் மேற்பட்ட சிப்பாய்களை வெளியே இழுத்து, சுவரோரம் நிறுத்தி, எல்லோரும் சாகும்வரை பீரங்கியால் சுட்டார்கள். இது கட்டுக்கதை அல்ல. அன்று வாசலைத் தகர்த்த அதிகாரி பிளாக்கிஸ்டனே இதைப் பதிவு செய்திருக்கிறார். விசாரணைக்குப் பிறகு சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார்கள், சிலரைத் தூக்கில் போட்டார்கள். மூன்று பட்டாலியன்கள் கலைக்கப்பட்டன. திப்பு குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. கவர்னர் பெண்டிங்கும் தளபதி கிரடாக்கும் 1807-ல் திரும்ப அழைக்கப்பட்டார்கள். புது உடை விதிகளும் வாபஸ். மேலே இருந்தவர்களுக்குப் போனது வேலை, கீழே இருந்தவர்களுக்கு உயிர். அந்தப் பெண்டிங்கே 1828-ல் கவர்னர் ஜெனரலாகத் திரும்பி வந்ததுதான் இதில் உச்சக்கட்ட வேடிக்கை.

"முதல் சுதந்திரப் போர்" என்ற ஒற்றைப் பட்டம் இதையெல்லாம் மூடிவிடுகிறது. கசையடி வாங்கிய முறையீடு மறைகிறது. நோயாளிகளைக் கொன்ற அசிங்கம் மறைகிறது. வாசலைக் கோட்டைவிட்ட முட்டாள்தனமும் மறைகிறது. மிஞ்சுவது மாலை போட வசதியான ஒரு தூண்.

கல்யாண மண்டபத்து யாளியைப் பார்க்க எவ்வளவோ பேர் வருகிறார்கள். பார்க்க வேண்டியதுதான், அப்பேர்ப்பட்ட சிற்பம். ஆனால் பாரக்ஸ் எங்கே, கில்லெஸ்பி ஏறிய மதில் எது, தகர்த்த வாசல் எது, அந்த நூறு பேர் நின்ற சுவர் எது என்று வழிகாட்டும் ஒரு நடைபாதை இல்லாமல் இந்தக் கோட்டைக் கதை முடியாது. இதற்குக் கோடிகள் வேண்டாம், நாலு பலகை போதும். முதலா இரண்டாவதா என்ற பட்டிமன்றத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். முதலில் சிப்பாயைக் கோட்டைக்குள் விடுங்கள்!