வில்லைக் குறைத்தால் என்ன?

சென்ற மாதத்தில் ஒரு மாலை, பாடசாலை விட்டு வந்து சாய்மனைக் கதிரையில் அமர்ந்து விடைத்தாள்களைப் பிரிக்க முற்பட்ட வேளை, படலைக்கு வெளியே கார் ஒன்று வந்து நின்றது. இறங்கி வந்தவர் நம் பழைய மாணவர். பத்து ஆண்டுகளுக்கு முன் உயர்தர வகுப்பில் நம்மிடம் பௌதிகவியல் கற்றவர். இன்று வங்கியொன்றில் உத்தியோகம். 1997 ஆம் ஆண்டுக் கொரோலா ஒன்றைக் கடன்பட்டு வாங்கியிருக்கிறார்.

"சேர், காரைப் பதிக்கப் போகிறேன். ஊக்கின் விதி படிப்பித்த உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யலாமென்று வந்தேன்" என்றார்.

பதிப்பது என்றால், சில்லுகளுக்கு மேலேயுள்ள சுருள்வில்களை மாற்றிக் காரின் உடலை நிலத்துக்கு அண்மையாக இறக்குவது. சில்லுக்கும் அதன் மேல் வளைவுக்கும் இடையே நான்கு விரல் நுழையும் இடைவெளி இளைஞர் கண்ணுக்கு உறுத்துகிறது. கால்சட்டை கட்டையாய்ப் போன பையனைப் போல் கார் நிற்கிறதாம். அத்துடன், பதித்த கார் வளைவுகளில் சாயாது, தெருவைப் பிடித்துக்கொண்டு ஓடும் என்பதும் அவர் கட்சி. முப்பது மில்லிமீற்றர் இறக்கும் வில்கள் நான்கின் படத்தைக் கைத்தொலைபேசியில் காட்டினார். விலை கொஞ்சமன்று. கராஜ்காரரோ, "காசை ஏன் கரைக்கிறாய்? உள்ள வில்லில் ஒரு சுற்றை அறுத்து எறிந்தால் அதே வேலைதான்" என்று சொல்லிவிட்டாராம். அம்மாவுக்கு இந்த யோசனையே பிடிக்கவில்லை. அப்பா ஒன்றும் பேசவில்லை.

இளைஞர் சொல்வதில் உண்மை உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்ளவேண்டும். வளைவில் திரும்பும் காரில் உட்பக்கச் சில்லுகளின் பாரம் குறைந்து வெளிப்பக்கச் சில்லுகளுக்கு மாறுகிறது. எவ்வளவு மாறும் என்பது புவியீர்ப்பு மையத்தின் உயரத்தை இடவலச் சில்லுகளுக்கிடையேயுள்ள தூரத்தால் வகுத்து வருகின்ற விகிதத்தைப் பொறுத்தது. மாணவர்கள் கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம். ஆட்களோடு 1,200 கிலோகிராம் உள்ள காருக்கு மைய உயரம் 53 சென்ரிமீற்றர், சில்லிடைத் தூரம் 146 சென்ரிமீற்றர் என வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பு ஆர்முடுகலின் பத்தில் நான்கு பங்கு ஆர்முடுகலோடு அது வளைவில் திரும்பினால், ஏறத்தாழ 174 கிலோகிராம் பாரம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறும். 3 சென்ரிமீற்றர் பதித்துவிட்டால் அது 164 ஆகும். டயர் என்பது இரட்டிப்புப் பாரத்துக்கு இரட்டிப்புப் பிடிப்புத் தரும் பொருளன்று. பாரம் ஏற ஏறப் பிடிப்பின் விகிதம் குறைந்துகொண்டே போகும். ஆதலால் நான்கு சில்லுகளும் பாரத்தை எவ்வளவு சமமாகப் பகிர்கின்றனவோ அவ்வளவுக்கு மொத்தப் பிடிப்பு நன்று. பத்துக் கிலோகிராம் சிறிய தொகையே; ஆயினும் பொய்யன்று.

அந்த விகிதத்தைத் திருத்த இன்னொரு வழியும் உண்டு. நம் தகப்பனார் காலத்து வீதிகளை ஆண்ட மொறிஸ் மைனர் 1948 இல் வெளிவந்தது. அதை வகுத்த அலெக் இசிகோனிஸ், உற்பத்தி தொடங்கவிருந்த தறுவாயில் தாம் செய்த கார் ஒடுங்கலாயிருப்பதாக எண்ணி, மாதிரி வண்டியை நெடுக்காக இரண்டாகப் பிளக்கச் செய்தார். இரு பாதிகளையும் கண்ணுக்குப் பொருந்தும் வரை விலக்கி வைத்துப் பார்த்தபோது 4 அங்குலம் கூடியது. எந்திர மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டி அந்த நாலங்குலத்தின் சாட்சி. அழகுக்கென்று கண் கேட்ட மாற்றம் ஓட்டத்தையும் திருத்திவிட்டது. ஆகவே, தோற்றத்துக்காகக் காரைத் தொடுகிறவரைப் பகட்டுக்காரர் என்று தள்ளிவிட நாம் ஒருப்படோம்.

பகட்டும் உண்டுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் மெக்சிக்க வழிவந்த இளைஞர்கள் காரின் பின்பெட்டியில் மணல் மூட்டைகளை ஏற்றியும், வில்லை அறுத்தும் வண்டிகளைப் பதித்து மெல்ல மெல்ல ஊர்வலம் விட்டார்கள். 1950களின் பிற்பகுதியில் கலிபோர்னியா அதைத் தடுக்கச் சட்டமே செய்தது. உடலின் எப்பகுதியும் சில்லு வளையத்தின் அடிமட்டத்துக்குக் கீழே போகலாகாது என்பது விதி. அந்தத் தடையை நீக்கும் சட்டம் 2023 இல் தான் வந்தது. வேகத்துக்காக அவர்கள் பதிக்கவில்லை. மெதுவாகப் போவதே அவர்களுடைய பெருமை.

இனி, கராஜ்காரரின் அறுவைச் சிகிச்சைக்கு வருவோம். சுருள்வில்லின் விறைப்பு அதன் சுற்றுகளின் தொகைக்கு நேர்மாறானது. ஆறு சுற்றில் ஒன்றை அறுத்தால் ஆறுக்கு ஐந்து என்ற கணக்கில் விறைப்பு ஐந்திலொரு பங்கு கூடும். "கூடினால் நல்லதுதானே, சேர்?" என்றார் நம் நண்பர். போதுமா என்பதே கேள்வி. கார் சாதாரணமாக நிற்கும் நிலையிலிருந்து மேலே அமுங்க 80 மில்லிமீற்றர் இடம் இருந்ததென்று கொள்வோம். அதற்கப்பால் இறப்பர்க் கட்டை. முப்பதைப் பதித்தால் எஞ்சுவது 50. பள்ளத்தில் விழுந்தெழும் காரின் சக்தியை வில் விழுங்குவது அமுங்கும் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அல்லவா? எண்பதின் வர்க்கம் 6,400. ஐம்பதின் வர்க்கம் 2,500. அதே அடியை அந்தக் குறுகிய தூரத்தில் தாங்க வில்லின் விறைப்பு இரண்டரை மடங்காக வேண்டும். நமக்குக் கிடைத்ததோ ஒன்றேகால் மடங்குகூட இல்லை. மிகுதியை இறப்பர்க் கட்டை தாங்கும். அதற்கப்பால் முள்ளந்தண்டு தாங்கும்.

இதை நாம் கரும்பலகையில் கற்றோமல்லோம். 2011 இல், கைக்கு எட்டிய விலையில் ஒரு பழைய கார் வாங்கினோம். பின்பக்கம் தளர்ந்து தாழ்ந்திருந்தது. பின்வில்லை மாற்றுவதற்குப் பதிலாக முன்வில்லில் ஒரு சுற்றை அறுத்து மட்டமாக்கிவிடலாம் என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். பௌதிகவியற் பட்டதாரியாகிய நாமும் தலையசைத்தோம்! கார் அழகாகத்தான் நின்றது. இரண்டு மாதம் கழித்து அம்மாவை ஏற்றிக்கொண்டு வவுனியாவிலிருந்து திரும்புகையில், மதகொன்றின் மேட்டில் முன்புறம் குதித்து இறங்கி அடிப்புறம் தரையில் மோதியது. எண்ணெய்த் தட்டு வெடித்து எண்ணெய் முழுவதும் தெருவில். பாலைமர நிழலில் மூன்று மணித்தியாலம் நின்றோம். அம்மா நீரிழிவுக்காரி. கைப்பையிலிருந்த இரண்டு பிஸ்கற்றில் ஒன்றை நமக்கு நீட்டினாரே தவிர ஒரு சொல் சொல்லவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்போம். இன்றும் எந்தக் காரில் ஏறுமுன்பும், "இது நிலத்தில் முட்டாதே?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுகிறார்.

அறுத்த வில்லுக்கு வேறொரு கேடும் உண்டு. வில்லின் நுனி, தான் அமரும் கிண்ணத்துக்குப் பொருந்துமாறு ஆலையிலே செய்யப்பட்டிருக்கும். அறுத்த நுனி அங்கே சரியாக அமராது. ஜக் வைத்துத் தூக்கும்போதோ, சில்லு பள்ளத்தில் தொங்கும்போதோ கட்டையான வில் தளர்ந்து இடம் பெயரக்கூடும். வாயுச் சுவாலையால் அறுத்தாலோ, சூடாக்கித் தொய்ய விட்டாலோ உருக்கின் பதமே கெட்டுவிடும். பதிப்பதற்கென்றே செய்த வில்லோ, முழுதும் தொங்கும் நிலையிலும் கிண்ணத்தை விட்டு அகலாதபடி நீளமும், குறைந்த தூரத்தில் தாங்கும்படி விறைப்பும் கணித்துச் செய்யப்படுவது. கம்பியின் விட்டம் சிறிது கூடினாலே போதும். விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப உயரும்.

அப்படிப்பட்ட வில்லை வாங்கினாலும் வேலை முடிந்துவிடாது. இருபது ஆண்டு கடந்த சொக் அப்சோபர் பழைய மெல்லிய வில்லின் ஆட்டத்தை அடக்கவே திணறும். விறைத்த வில்லை அதனிடம் கொடுத்தால் கார் துள்ளிக்கொண்டே போகும், துள்ளும் சில்லுக்குப் பிடிப்பேது? இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும். பதித்தபின் சில்லுகளின் கோணம் மாறிவிடுமாதலால் வீல் அலைன்மென்ட் பார்க்காவிடில் டயர் ஒருபக்கமாகத் தேய்ந்து சில மாதங்களில் கம்பி தெரியும். முன்விளக்கையும் மட்டம் பார்ப்பது நன்று.

இன்னுமொன்று பலரும் அறியாதது. கொரோலாவின் முன்புறத்தில் இருப்பது மக்பர்சன் வகைத் தூண். 1950 இல் போர்ட் நிறுவனம் இங்கிலாந்தில் காட்டிய கொன்சல், செபிர் கார்களால் பரவிய அமைப்பு அது. இதிலே சில்லைத் தாங்கும் கீழ்க்கை உடலிலிருந்து சில்லை நோக்கிச் சற்றே சரிந்திருக்கும். காரைப் பதிக்கப் பதிக்க அக்கை மட்டமாகிப் பின் மேல்நோக்கித் திரும்பும். அப்போது, எந்தப் புள்ளியைச் சுற்றி உடல் சாய்கிறதோ அப்புள்ளி, உடல் இறங்கியதைவிட அதிகமாக இறங்கிவிடுகிறது. சாய்க்கும் நெம்பின் கை நீள்கிறது! எனவே அளவுக்கு மிஞ்சிப் பதித்த கார், வில் அதற்கேற்ப விறைக்காவிடில், முன்னைவிட அதிகமாகவும் சாயக்கூடும். முப்பது மில்லிமீற்றர் தாங்கக்கூடியது; அறுபது என்றால் நாம் கையெடுத்துக் கும்பிட்டிருப்போம்.

முன்வில்லை மாத்திரம் மாற்றிப் பணத்தை மிச்சம்பிடிக்கலாமா என்றும் கேட்டார். ரோல்ஸ் றொய்ஸிலிருந்து அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸுக்குப் போன மொறிஸ் ஒலி என்ற பொறியியலாளர் 1930களின் தொடக்கத்தில் இதை ஆராய்ந்தவர். காரின் இரு முனைகளிலும் பாரங்களை இடம் மாற்றி மாற்றிவைத்து ஓட்டிப் பார்த்தார். மேட்டில் முதலில் ஏறுவது முன்சில்லு. பின்சில்லு பிந்தி ஏறுகிறது. பின்புற ஆட்டம் முன்புறத்தைவிடச் சற்று விரைவாயிருந்தால் பிந்தியது முந்தியதை எட்டிப்பிடித்து இரண்டும் ஒன்றாய் அடங்கும். முன்னை மட்டும் விறைக்கச் செய்தால் கார் கடலில் வள்ளம்போலத் தலையாட்டும்.

இவ்வளவும் கேட்டு, "அப்படியானால் வில்லும் சொக்கும் நான்கு நான்காகவே மாற்றுகிறேன், சேர்" என்று எழுந்தவரிடம், "தம்பி, அப்பா எப்படியிருக்கிறார்?" என்று கேட்டோம். முழங்கால் வாதம், மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு அந்தக் காரில்தான் கூட்டிப்போவது என்றார். வீட்டில் அவர் இருக்கும் கதிரை எப்படிப்பட்டது என்று கேட்டோம். சற்று யோசித்தவர், கதிரையின் நான்கு கால்களுக்கும் அடியில் மரக்கட்டை வைத்திருக்கிறது என்றார்; வைத்தவர் அம்மா. கட்டை எத்தனை மில்லிமீற்றர் இருக்கும் என்று நாம் கேட்கவில்லை. அவர் முகம் மாறிவிட்டது. தேநீரை அரைவாசியில் வைத்துவிட்டுப் புறப்பட்டார்.

கைவிட்டுவிட்டார் என்றே எண்ணியிருந்தோம். சென்ற ஞாயிறு தகப்பனாரையும் ஏற்றிக்கொண்டு வந்தார். கார் பதிந்திருந்தது. அளவாகத்தான், பார்க்க நன்றாகவே இருந்தது. முன்னாசனத்தில் கெட்டியான தட்டை மெத்தையொன்று, அம்மா தைத்தது. காரிலுள்ள எல்லாருடைய புவியீர்ப்பு மையமும் இறங்க, பெரியவருடையது மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது.

கதவைத் திறந்து கைகொடுத்தோம். கதவின் விளிம்பைப் பிடித்து மெல்ல எழுந்தார்.

"எழும்பும்போது இப்பவும் கொஞ்சம் கடினந்தான், மாஸ்டர்" என்றார். "ஆனால் ஆஸ்பத்திரி வளைவில் முந்தியெல்லாம் கைபிடியைத் தொங்கிப் பிடிக்கவேணும். இப்போது அது தேவைப்படவில்லை."

மகன் அதைக் கேட்டும் கேளாதவர்போல், குனிந்து முன்சில்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.