பள்ளிச் சர்வர் யார் கையில்?

நடுநிலை வகுப்புகளிலேயே மாணவர்களுக்கு நிரலாக்கம் கற்பிக்கப்பட வேண்டும் என்கிறது தேசிய கல்விக் கொள்கை 2020. ஆனால் ஒன்றிய கல்வி அமைச்சகத்தின் 2023-24ஆம் ஆண்டு யுடிஸ் பிளஸ் அறிக்கையின்படியே, செயல்படும் கணினி உள்ள பள்ளிகள் சுமார் 57 விழுக்காடு; இணைய இணைப்பு உள்ளவை சுமார் 54 விழுக்காடு. கருவியைத் தராமல் பாடத்தை மட்டும் அறிவித்தால் அந்த வெற்றிடத்தில் நுழைவது யார்? தலைக்கு இவ்வளவு என்று சந்தா கேட்கும் நிறுவனங்களும், ‘இலவசம்’ என்று சொல்லிக் குழந்தைகளைக் கணக்குத் திறக்கவைக்கும் பன்னாட்டு ஏகபோகங்களும்தான்.

மாற்று இல்லை என்ற வாதம் பொய்யானது. 2001இல் ஃபெர்னாண்டோ பெரேஸ் தொடங்கிய ஐபைத்தான் என்னும் கட்டற்ற மென்பொருள், பலரது கூட்டுழைப்பால் வளர்ந்து 2014இல் ஜுப்பிட்டர் திட்டமாயிற்று. அதன் நோட்புக்கில் விளக்கம், நிரல், விடை மூன்றும் ஒரே பக்கத்தில் அமைகின்றன. மாணவர் நிரலை மாற்றினால் விடை மாறுவதை அங்கேயே காணலாம். விளக்கத்தைத் தாய்மொழியில் எழுதலாம். பைத்தான் 3இல் மாறிகளுக்கு ‘நீளம்’, ‘அகலம்’ என்று தமிழிலேயே பெயரிடவும் முடியும்.

இதனை வகுப்பு முழுவதற்கும் பொதுவாக்குவது ஜுப்பிட்டர்ஹப். அதன் சிறு வடிவமான ‘லிட்டிலஸ்ட் ஜுப்பிட்டர்ஹப்’ உபுண்டு இயங்கும் ஒரே சர்வரில், ஏறத்தாழ நூறு பயனர் வரை உள்ள குழுக்களுக்கென உருவாக்கப்பட்டது. மாணவருக்கு 512 எம்.பி. நினைவகம் என வரம்பிட்டால் நாற்பது பேருக்கு 20 ஜி.பி. போதும், 32 ஜி.பி. உள்ள ஒரு கணினி ஒரு வகுப்பைத் தாங்கும். பயன்படுத்தாமல் விடப்பட்ட நோட்புக்கை அதுவே நிறுத்தி நினைவகத்தை மீட்கிறது. மாணவர் மேசையில் உலாவி இயங்கும் பழைய கணினி இருந்தால் போதும். நிறுவும்போது இணையம் தேவை. பின்னர் பள்ளியின் உள் வலையமைப்பிலேயே பாடம் நடக்கும். மாணவரின் தவறுகளும் திருத்தங்களும் பள்ளிச் சுவரைத் தாண்டுவதில்லை.

நிறுவனச் சேவைகளே பாதுகாப்பானவை என்போர் 2023ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் படிக்கட்டும். குழந்தைகளைக் கண்காணிப்பதையும் அவர்களை இலக்காக்கிய விளம்பரத்தையும் அதன் 9ஆம் பிரிவு தடுக்கிறது. அதே பிரிவு, அத்தடையிலிருந்து விலக்களிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்கும் வழங்குகிறது. விலக்கு ஒருநாள் யாருக்கும் கிடைக்கலாம். தரவு பள்ளியை விட்டு வெளியேறாமல் இருப்பதே உறுதியான காப்பு.

அரசுப் பள்ளி ஆசிரியர்களால் இதனை நடத்த முடியாது என்பது அடுத்த வாதம். கேரளம் இதற்கு விடையளித்துவிட்டது. 2001இல் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் தொடங்கியபோது, தனியுரிம மென்பொருளைச் சார்ந்த பாடத்திட்டத்தை ஆசிரியர் இயக்கம் எதிர்த்தது. பின்னர் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. 2017இல் அத்திட்டம் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாயிற்று. பள்ளிகளுக்கான லினக்ஸ் அங்கேயே வடிவமைக்கப்படுகிறது. பயிற்சி பெறுவோரும் பயிற்சி அளிப்போரும் ஆசிரியர்களே. இயக்கத்தின் போராட்டமும் அரசின் முதலீடும் சேர்ந்ததன் விளைவு அது.

ஆனால் மென்பொருள் இலவசம் என்பதால் உழைப்பும் இலவசம் ஆகிவிடாது. மின்சாரம், காப்புப்பிரதி, பழுதுநீக்கம் ஆகியவற்றுக்குப் பொறுப்பாள் தேவை. ஆர்வமுள்ள ஓர் ஆசிரியரின் தலையில் ஊதியமின்றி இச்சுமையை ஏற்றினால், அவர் இடமாற்றம் பெறும் நாளில் சர்வரும் முடங்கும். ஒன்றியந்தோறும் நிரந்தரப் பணியிடம் வேண்டும். அதற்கான நிதியில் ஒன்றிய அரசு தன் பங்கை ஏற்க வேண்டும்.

இதைத் தொழில்நுட்பர்களின் விவகாரம் என்று ஒதுக்கும் போக்கு இடதுசாரி அணிகளுக்குள்ளும் உண்டு. பாடநூலை யார் எழுதுகிறார்கள் என்று கேட்கும் இயக்கம், அந்தப் பாடம் ஓடும் கணினி யாருக்குச் சொந்தம் என்றும் கேட்டாக வேண்டும். மாணவர், இளைஞர், ஆசிரியர் அமைப்புகளின் கோரிக்கைப் பட்டியலில் வகுப்பறை, கழிப்பறை, ஆய்வகம் ஆகியவற்றோடு பள்ளியின் சொந்தச் சர்வரும் இடம்பெறட்டும்.