பெட்டி பேசாது, பள்ளிக்கு ஆள் போடுங்க!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு மாறும் நேரத்தில் ரோட்டைப் பார்த்தால் தெரியும். அம்மா வேலைக்குப் போகிறாள், அப்பா களைத்துப்போய்த் திரும்புகிறார். பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன் தானே பூட்டைத் திறந்து, தானே சோற்றைப் போட்டுச் சாப்பிடுகிறான். "ஏண்டா முகம் வாடியிருக்கு?" என்று கேட்க வீட்டில் ஆள் கிடையாது. பெற்றோரைத் திட்டிப் பயனில்லை. ஷிப்டுக்குப் போனால்தான் அடுப்பு எரியும்.

அப்படியானால் கேட்க வேண்டியது யார்? பள்ளிக்கூடம்தான். அங்கே என்ன இருக்கு? "மாணவர் மனசு" என்று எழுதிய பெட்டி இருக்கு. 14417 என்ற உதவி எண் இருக்கு. நல்ல காரியம்தான், இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் மனசு உடைந்துபோன பிள்ளை கடுதாசி எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு, எப்போது திறப்பார்கள் என்று காத்துக்கொண்டா இருக்கும்?

2022 ஜூலை மாதத்தை இந்த மாவட்டம் மறந்திருக்காது. கள்ளக்குறிச்சி கனியாமூர் மாணவி இறந்த பரபரப்பு அடங்கவில்லை. அதற்குள் 25-ந் தேதி திருவள்ளூர் அருகே கீழச்சேரியில் விடுதியில் தங்கிப் படித்த பிளஸ்-2 மாணவி இறந்தார். போலீஸ் குவிப்பு, சி.பி.சி.ஐ.டி. விசாரணை எல்லாம் நடந்தது. அந்தச் சமயத்தில்தான் 413 ஒன்றியங்களில் 800 டாக்டர்களைக் கொண்டு மாணவர்களுக்கு மனநல ஆலோசனை தரப்படும் என்று அரசு அறிவித்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றியத்துக்கு முழுசாக இரண்டு பேர்கூட வரவில்லை. டாக்டர் வந்து பேசிவிட்டுப் போனபிறகு, மறுநாள் காலையில் அழும் பிள்ளை யாரிடம் போகும்?

அதற்குப் பல வருஷம் முந்தியும் நடமாடும் ஆலோசனை வேன் விட்டார்கள். வண்டி வருகிற நாளில்தான் பிள்ளைக்குத் துக்கம் வரவேண்டும் என்றால் எப்படி?

2022-ல் மட்டும் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. தமிழ்நாட்டில் மட்டும் ஆயிரத்து நானூறுக்கு மேல். இப்படி ஒரு சாவு நடந்தால் ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆரில் காரணம் என்று ஒரு வரி எழுதுவார்கள். தேர்வுப் பயம், காதல், வயிற்றுவலி. அந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை மாதக் கதை இருக்கும்!

சுப்ரீம் கோர்ட் இப்போது தெளிவாகவே சொல்லிவிட்டது. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்குப் போன மாணவி இறந்த வழக்கில், 2025 ஜூலை 25-ந் தேதி தீர்ப்பு. 100 மாணவர்களுக்கு மேல் உள்ள கல்வி நிலையம் எதுவானாலும், தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். ஆசிரியர், ஊழியர் எல்லோருக்கும் வருஷத்துக்கு இரண்டு தடவை பயிற்சி தர வேண்டும். நூறு பிள்ளைக்குக் குறைந்த மேல்நிலைப் பள்ளியை நம்ம ஊர்ப்பக்கம் தேடித்தான் பார்க்கணும்!

இங்கேதான் ஒரு பயம். ஆள் போடச் சொன்னால், டிரில் மாஸ்டரையோ ஓவிய ஆசிரியரையோ பிடித்து, "இதையும் பார்த்துக்குங்க சார்" என்று தலையில் கட்டிவிடுவார்கள். அவர் என்ன செய்வார், பாவம். பையனை உட்கார வைத்து, "அப்பா அம்மா படுற கஷ்டத்தை நினைச்சுப் பாரு, நல்லாப் படி" என்று அறிவுரை சொல்லுவார். அந்தக் கஷ்டம்தானே அவனை ஏற்கனவே அழுத்திக்கொண்டிருக்கு?

ஆலோசனை வேறு, அறிவுரை வேறு. குறுக்கே பேசாமல் கேட்பதே ஒரு வித்தை, படித்துத்தான் வரும். பரீட்சைப் பயம் எது, சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியணும். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை, கேட்டால் பிள்ளைக்குப் பாரம்தான் இறங்கும் என்கிறார்கள் மனநல நிபுணர்கள். பிள்ளை சொன்ன ரகசியத்தை ஸ்டாஃப் ரூமில் போய்ப் பரப்பக் கூடாது. அதே சமயம், பாலியல் கொடுமை என்று தெரிந்தால் மூடி மறைக்கவும் கூடாது. 2012-ம் ஆண்டு போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தகவல் சொல்லியே ஆகணும், சொல்லாவிட்டால் தண்டனை. இதையெல்லாம் அரைநாள் கூட்டம் போட்டு, டீயும் பிஸ்கட்டும் கொடுத்துச் சொல்லிக்கொடுத்துவிட முடியுமா?

நம்ம பகுதிக்குப் பாஷைப் பிரச்சினையும் உண்டு. ஆந்திர எல்லை ஓரம் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள். செங்கல் சூளைக்கு ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்களின் பிள்ளைகள். இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள். பாடத்தைத் தமிழில் படிக்கலாம். அழுகை தாய்பாஷையில்தான் வரும். சென்னையில் பரீட்சை வைத்து யாரையோ அனுப்புவதைவிட, இந்த வட்டாரத்திலேயே உளவியலோ சமூகப்பணியோ படித்துவிட்டு கம்பெனியில் டேட்டா அடித்துக்கொண்டிருக்கும் பெண்களையும் பையன்களையும் எடுக்கலாம்.

பயிற்சி கொடுக்க இடமா இல்லை? கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம் இருக்கு. எழும்பூரில் 1952-ல் தொடங்கிய சமூகப்பணிக் கல்லூரி இருக்கு. 2022 முதல் திருவள்ளூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. ரொம்ப மோசமான நிலையில் உள்ள பிள்ளையை அங்கே உடனே அனுப்பவும் ஏற்பாடு வேணும். கேரளாவில் வருஷக்கணக்காக அரசுப் பள்ளிகளில் ஆலோசகர்கள் வேலை செய்கிறார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைப்பது மதிப்பூதியம்தான். அதை மட்டும் காப்பி அடிக்க வேண்டாம். நிரந்தரச் சம்பளம் இல்லாதவர் நல்ல வேலை கிடைத்ததும் கிளம்பிவிடுவார். பிள்ளை மறுபடி முதலிலிருந்து யாரிடம் மனசைத் திறக்கும்?

கும்மிடிப்பூண்டி ஒன்றியத்தில் முதலில் தொடங்கட்டும். ஜூனில் பள்ளி திறக்கும்போது மேல்நிலைப் பள்ளிக்கு ஒருவர், அவருக்குக் கதவு சாத்தக்கூடிய ஒரு தனி அறை. சிப்காட் கம்பெனிகள் சமூகப் பொறுப்பு நிதியில் பெஞ்சும் டெஸ்க்கும் வாங்கித் தந்து போட்டோ எடுக்கிறார்களே, பயிற்சிச் செலவில் பாதியை அவர்களிடம் கேட்டால் என்ன? கலெக்டர் ஒரு கூட்டம் போட்டால் முடிகிற காரியம்.

அதுவரை வீட்டில் எழுதி ஒட்டிவையுங்கள்: மனநல உதவிக்கு 14416 அல்லது 104, குழந்தைகளுக்கு 1098. ராத்திரியிலும் எடுப்பார்கள்.