பேண்டேஜ் துணிக்குத் தரக்கட்டுப்பாடு. பொதுச் சுகாதாரப் பட்டத்துக்கு?

ஏ, ஏ பிளஸ் என்ற தரவரிசையைக் கைவிட்டு, ‘அங்கீகாரம் உண்டு அல்லது இல்லை’ என்ற முறைக்கு மாறப்போவதாக கல்லூரிகளை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக் 2024 ஜனவரியில் அறிவித்தது. உயர்கல்விக்கே விடிவு வந்துவிட்டதுபோலப் பேசுகிறார்கள். பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பான எம்.பி.எச்.சில் சேரும் மாணவருக்கு இதனால் காலணா பயன் இல்லை. நாக் கல்லூரியை மொத்தமாக எடைபோடுகிறதே தவிர, ஒவ்வொரு படிப்பையும் சோதிப்பதில்லை.

பொறியியல் படிப்புகளைத் தனித்தனியே சோதிக்கத் தேசிய அங்கீகார வாரியம் (என்.பி.ஏ.) இருக்கிறது. எம்.பி.பி.எஸ்.சுக்குத் தேசிய மருத்துவ ஆணையம் இருக்கிறது. எம்.பி.எச்.சுக்கு யார் இருக்கிறார்கள்? 2018இல் மத்திய சுகாதார அமைச்சகம் மாதிரிப் பாடத்திட்டம் தந்ததோடு சரி. அமெரிக்காவில் பொதுச் சுகாதாரப் படிப்புகளை அங்கீகரிக்கவென்றே 1974 முதல் தனி அமைப்பு இயங்குகிறது.

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டிக்குப் போய்ப் பாருங்கள். அங்கே நெய்யும் பேண்டேஜ் துணிக்குப் பாவில் எத்தனை இழை, ஊடையில் எத்தனை இழை, சதுர மீட்டருக்கு என்ன எடை என்பதை மருந்து விதிகளின் எஃப்-2 அட்டவணை வரையறுக்கிறது. இழை குறைந்தால் சரக்கு தரமற்றது. ஒருவர் புண்ணைக் கட்டும் துணிக்கு இவ்வளவு கண்டிப்பு. ஊர் முழுவதன் ஆரோக்கியத்தையும் பார்க்கப்போகிறவரின் பட்டத்துக்குக் கட்டாய அளவுகோல் எதுவும் இல்லை. இதைவிட வெட்கக்கேடு உண்டா?

அதே ராஜபாளையத்தில் நூற்பாலைகள் நிறைந்திருக்கின்றன. பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் நோயில், விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் நாளில்தான் நெஞ்சு அதிகம் இறுகும். திங்கட்கிழமை ஆலை வாசலில் நின்று கேட்கத் தெரிந்தவரே அதைக் கண்டுபிடிப்பார். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தெருக்களில் தண்ணீர்த் தொட்டிகளைத் திறந்து ஏடிஸ் கொசுப் புழுக்களை எண்ணிப் பழகியவரே டெங்குவை முன்கூட்டி உணர்வார். களம் காணாமலே பட்டம் வாங்கியவரால் இரண்டும் ஆகாது.

இந்தப் படிப்புக்கும் அங்கீகாரம் வேண்டும் என்றால், ‘இன்னொரு முத்திரை, இன்னொரு லஞ்சம்’ என்பார்கள் சிலர். 2025 பிப்ரவரியில் நாக் ஆய்வுக்குழுவினரை சிபிஐ கைது செய்ததையும் காட்டுவார்கள். திருடன் புகுந்தான் என்று கதவையே கழற்றி வைக்கச் சொல்வதா? இது சோம்பேறி வாதம்.

1939இலேயே பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றிய மாகாணம் நம்முடையது. தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் சென்னையிலேயே இருக்கிறது. டெல்லிக்காகக் காத்திராமல், தமிழக அரசு எம்.பி.எச். படிப்புகளுக்கென அங்கீகார வாரியம் அமைக்க வேண்டும். அதுவரை பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: இந்தப் படிப்பை வெளியார் யார் சோதித்தார்கள்? களப்பணி எந்தச் சுகாதார நிலையத்தில், எத்தனை வாரம்? பதில் வராத இடத்தில் பிள்ளைகளைச் சேர்க்காதீர்கள். தரம் பார்க்காத பட்டங்களை நம்பினால், அடுத்த கொள்ளைநோயில் நாம் தோற்பது உறுதி.