ஒரேயடியாக அடைக்காதீர்கள்



கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். "பெயர் போடாதீங்க, ஊரையும் மாத்திப் போடுங்க" என்று அடிக்கோடிட்டுக் கேட்டிருக்கிறார். ஆகவே கட்டுகஸ்தோட்டை என்று எழுதியதையும் நம்பிவிடாதீர்கள்.

அவருடைய அண்ணன் ஓட்டோ ஓட்டுகிறார். அண்ணி நோயில் விழுந்து, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து, கடைசியில் போய்ச் சேர்ந்துவிட்டார். வைத்தியத்துக்கு வாங்கிய கடன் ஒரு பக்கம். பெட்டி, பந்தல், மஹியாவ மயானம், பதினாறாம் நாள் சாப்பாடு என்று வாங்கியது இன்னொரு பக்கம். இதுவரைக்கும் நம்மில் பல வீடுகளில் நடந்ததுதான்.

பிறகு, இராத்திரியில் தூக்கம் வராமல் போனை நோண்டிக்கொண்டிருந்தவர் கிரிக்கெட் பெட்டிங்கில் இறங்கியிருக்கிறார். முதலில் கொஞ்சம் காசு கிடைத்தது. கிடைக்காமல் இருந்திருந்தால் தப்பியிருப்பார். இன்று ஓட்டோவுக்கு லீசிங் பாக்கி, இரண்டு பினான்ஸ் கம்பனிகளில் கடன், அடகில் அண்ணியின் தாலிக்கொடி, நாள் வட்டிக்காரர் ஒருவர், ஸ்டாண்டில் கூட நிற்கும் பொடியன்களிடம் கைமாற்று.

சகோதரியின் கேள்வி இது: "அம்மா எனக்குத் தந்த வளையல்களை வித்து எல்லாத்தையும் ஒரேயடியா அடைச்சிட்டா அண்ணன் திருந்திடுவாரா?"

வேண்டாம் தங்கச்சி. நேராகவே சொல்கிறேன். சூதில் மாட்டியவரின் கடனை இன்னொருவர் ஒரே நாளில் அடைத்தால், மறுநாள் அவர் புதுசாகக் கடன் கேட்க எல்லாக் கதவும் திறந்துவிடும். "போன முறை தங்கச்சி அடைச்சா, இந்த முறையும் பார்த்துக்குவா" என்று கடன் கொடுப்பவரும் நினைப்பார், வாங்குபவரும் நினைப்பார். வளையல் போகும், கடன் திரும்பி வரும்.

துக்கத்துக்கும் சூதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் நம் மரண வீடுகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பிணம் வீட்டில் இருக்கும் இரவுகளில் கண் விழிக்க வேண்டும் என்று கார்ட்ஸ் கட்டும் கேரம் போர்டும் வந்துவிடும். பந்தலுக்குள் ஒரு மேசை, நடுவில் பல்ப், பிளேன்டீ, வெற்றிலைத் தட்டு. பெரும்பாலும் அது பொழுதுபோக்கோடு நின்றுவிடும். சில இடங்களில் காசு மேசைக்கு வரும். அந்த வழக்கத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. துக்க வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பவரை நாலு பேர் நடுவில் இருத்துவது நல்ல வழக்கம்தான். எல்லாம் முடிந்து பந்தலைப் பிரித்து, கதிரைகளை லொறியில் ஏற்றிய பிறகு அந்த மனிதர் இரவு பதினொரு மணிக்கு என்ன செய்வார்? நாலு பேரும் இல்லை, மேசையும் இல்லை. கையில் போன் மட்டும் இருக்கிறது. அதில் மேசை எந்நேரமும் விரித்தே கிடக்கிறது.

முன்பு இப்படி இல்லை. ரேஸ் புக்கிக்குப் போவதென்றால் வீட்டை விட்டு இறங்க வேண்டும், தெரிந்தவர் கண்ணில் படவும் கூடும். இங்கிலாந்தில் மத்தியானம் ஓடுகிற குதிரை நமக்கு மாலையில்தான் ஓடும்; அது முடிந்தால் கதவும் மூடும். லொத்தர் சீட்டு என்றால் சந்தியில் நின்று எல்லோருக்கும் முன்னால் வாங்க வேண்டும். போனில் வெட்கப்படவும் ஆளில்லை, மூடும் நேரமும் இல்லை. 2025இல் இலங்கைப் பாராளுமன்றம் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த ஒரு அதிகாரசபை அமைக்கும் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. நல்லது. ஆனால் கட்டிலில் தலையணைக்கடியில் கிடக்கும் போனுக்குள் அதிகாரசபை எப்போது எட்டிப் பார்க்கும்?

சூதைப் பற்றி எழுதினால் தருமரை இழுப்பது வழக்கம். இந்த முறை அவரை விட்டுவிடுவோம். அவர் வாசலில் லீசிங் கம்பனிக்காரர் வந்து நிற்கவில்லை. இந்தச் சகோதரியின் வீட்டுக் கதையோடு ஒத்துப்போகிறவர் வேறொருவர்: ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி.

1864ஆம் ஆண்டு ஏப்ரலில் அவருடைய முதல் மனைவி இறந்தார். ஜூலையில் அண்ணன் மிகைல் இறந்தார். அண்ணன் நடத்திய பத்திரிகையின் கடனையும் அண்ணன் குடும்பத்தையும் இவர் தலையில் ஏற்றிக்கொண்டார். "உங்க அண்ணன் எனக்குத் தரணும்" என்று வந்தவர்களில் சிலரிடம் சரியாக விசாரிக்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதற்கு முன்பே பிடித்திருந்த சூதுப் பழக்கம் அதோடு சேர்ந்துகொண்டது. 1866இல் ஒரு பதிப்பாளரின் கெடுபிடிக்குத் தப்ப, அன்னா என்ற இளம் சுருக்கெழுத்தாளரை வைத்து 26 நாளில் சொல்லிச் சொல்லி ஒரு நாவல் முடித்தார். அதன் பெயரே 'சூதாடி'. மறு வருடம் அன்னாவையே மணந்தார். கடன்காரருக்குப் பயந்து இருவரும் நாட்டை விட்டுப் போய், நாலு வருடம் ஊர் ஊராக இருந்தார்கள். அந்த நாட்களில் அன்னாவின் தோடும் கல்யாண மோதிரமும் அடகுக் கடைக்குப் போய்வந்தன.

இனி விளையாட மாட்டேன் என்று அவர் அன்னாவுக்கு எத்தனை கடிதம் எழுதியிருப்பார்! எழுதி, மறுபடியும் விளையாடினார். 1871இல் வீஸ்பாடனில் கடைசியாக ஒரு முறை தோற்று, பிறகு விட்டார். அவருடைய மனவுறுதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வருடத்தோடு ஜெர்மனியில் சூதாட்ட விடுதிகளையே மூடிவிட்டார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. ஊர் திரும்பியதும் கடன்காரர்கள் வந்தார்கள். கணவரை முன்னால் விடாமல் அன்னாவே பேசினார். வீடு வாடகை வீடு, பறிமுதல் செய்ய ஒன்றுமில்லை, அவரைச் சிறையில் போட்டால் அவர் எழுத மாட்டார், உங்களுக்கும் ஒன்றும் கிடைக்காது. தவணையாகத் தருகிறோம், சம்மதமா? பெரும்பாலோர் சம்மதித்தார்கள். 1873இல் கணவரின் நாவலை வீட்டிலிருந்தே தாங்களே பதிப்பித்து விற்றார்கள். கடன் முழுவதும் தீர்ந்தது 1881இல் கணவர் சாவதற்குக் கொஞ்சக் காலம் முன்புதான். பத்து வருடத்துக்குக் கிட்ட!

தங்கச்சி, அன்னாவின் நகை அடகுக்குப் போன நாட்களில் கடன் குறையவில்லை. கணக்கை அவர் தன் கைக்கு எடுத்த பிறகுதான் குறைய ஆரம்பித்தது.

ஆகவே முதலில் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். அண்ணனோடு பக்கத்தில் இருந்து எழுதுங்கள்: யாருக்கு, எவ்வளவு, வட்டி என்ன, எந்தத் தேதி, பிணை யார். முதல் நாள் அவர் சொல்வது முழுக் கணக்காக இருக்காது. பொய் சொல்ல வேண்டும் என்றில்லை. வெட்கத்தில் இரண்டு மூன்றை விழுங்கிவிடுவார். அதற்கு ஒரு வழி உண்டு. கிரிப் என்று நாம் பயந்து பேசுகிறோமே, 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த கடன் தகவல் பணியகம், அது யாரையும் கறுப்புப் பட்டியலில் போடுவதில்லை. யார் எங்கே கடன் எடுத்தார், ஒழுங்காகக் கட்டுகிறாரா என்ற பதிவை வைத்திருக்கிறது, அவ்வளவுதான். தன் அறிக்கையைத் தானே எடுத்துப் பார்க்க அண்ணனுக்கு உரிமை உண்டு. அவரையே எடுக்கச் சொல்லுங்கள். வங்கி, பினான்ஸ், லீசிங் எல்லாம் அதில் வந்துவிடும். நாள் வட்டிக்காரரும் ஸ்டாண்ட் பொடியன்களும் வரமாட்டார்கள். அதை அண்ணன் வாயால்தான் எடுக்க வேண்டும்.

எதை முதலில் கட்டுவது? சத்தம் போடுகிறவருக்கு முதலில் கொடுப்பதுதான் நம் வழக்கம். அது தவறு. ஓட்டோவை சீஸ் பண்ணிவிட்டால் வருமானமே நின்றுவிடும், ஆகவே லீசிங் முதல். தாலிக்கொடி ஏலத்துக்குப் போகுமுன் வட்டியைக் கட்டி அடகைப் புதுப்பிக்கலாமா என்று கேளுங்கள். பினான்ஸ் கம்பனிகளுக்கு நேரில் போய், தவணையைக் குறைத்துக் காலத்தைக் கூட்டித் தரும்படி எழுத்தில் கொடுங்கள். வங்கியோ பதிவு செய்த நிதி நிறுவனமோ முறைகேடாக நடந்தால் மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கத்துக்குச் சொல்லலாம். காணியையோ வீட்டையோ ஈடு வைத்தோ, 'பிறகு மீட்டுக்கொள்ளலாம்' என்ற நிபந்தனையில் எழுதிக் கொடுத்தோ கடன் வாங்கியவர்களுக்கென்று 1941ஆம் ஆண்டுச் சட்டப்படி கடன் இணக்க சபை இருக்கிறது. அப்படி எழுதிக் கொடுத்தவர்கள் மீட்கும் தவணை முடியுமுன் போக வேண்டும். முடிந்த பிறகு போய் அழுது பயனில்லை.

ஓட்டோ ஹயருக்கு ஆப் வேண்டும் என்பதால் ஸ்மார்ட் போனைப் பிடுங்க முடியாது. ஆனால் வங்கி அட்டை உங்களிடம் இருக்கலாம். அன்றாட வரும்படியில் பெற்றோலுக்கும் சாப்பாட்டுக்கும் போக மிச்சம் மாலையில் உங்கள் கைக்கு வரலாம். ஐம்பது வயது மனிதர் தங்கச்சியிடம் கணக்குக் கொடுப்பதா என்று உறவுக்காரர் கேட்பார்கள். கேட்கட்டும். அவர்கள் யாரும் பிணைக்கு நிற்கப் போவதில்லை.

மற்ற வாசகர்களுக்கும் ஒன்று. வீட்டில் மரணம் நடந்த வாரத்தில் எந்தக் கடன் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். இறந்தவர் தன் பெயரில் மட்டும் வாங்கிய கடனை அவர் விட்டுப்போன சொத்திலிருந்துதான் கேட்கலாம். நீங்கள் பிணை நின்றிருந்தால் மட்டும் கதை வேறு. வங்கிக் கடன் என்றால் அதற்கு ஆயுள் காப்புறுதி இருந்ததா என்று விசாரியுங்கள். வேலை பார்த்தவர் என்றால் ஊழியர் சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் இருக்கும். தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம், அதற்கு மேல் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். வருடக்கணக்கில் சேர்ந்த காசு அது. மரணத்துக்குப் பிறகு அது பெயர் குறிக்கப்பட்டவருக்கோ வாரிசுகளுக்கோ உரியது. அந்தப் பாரத்தை நிரப்புமுன்பே நாள் வட்டிக்குப் போகிறவர்களை என்னவென்று சொல்வது?

மரண உதவிச் சங்கத்தில் இல்லாதவர்கள் இந்த மாதமே சேருங்கள். மாதாமாதம் போகிற சின்னக் காசுதான். சேர்ந்து சேமித்துச் சேர்ந்து சமாளிப்பது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. கண்டிக்குப் பக்கத்துத் தும்பறையில் 1906இலேயே கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கியவர்கள் இருந்தார்கள். அப்புறம், பதினாறாம் நாளுக்கு இருநூறு பேருக்குச் சாப்பாடு போடாவிட்டால் ஊர் பேசும்தான். எவ்வளவு நாள் பேசும்?

கடைசியாக அண்ணனின் உடம்பு விஷயம். ஆம், உடம்பு விஷயம்தான். உலக சுகாதார அமைப்பின் புதிய நோய்ப் பட்டியல் சூதாட்டக் கோளாறை மது, போதைப்பொருள் பழக்கத்தோடு ஒரே பிரிவில்தான் வைத்திருக்கிறது. ஏசினால் திருந்துகிற காரியமாக இருந்தால் உங்கள் வீட்டில் இதற்குள் திருந்தியிருக்கும். இராத்திரியில் மனம் கலங்கிப் பேசினால், சாவைப் பற்றிப் பேசினால், காலை வரை பொறுக்காமல் 1926க்கு எடுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் அது, எந்நேரமும் எடுக்கலாம். கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனை போதனா வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு உண்டு, காசும் இல்லை. தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அவர் கூசினால், துண்டு எடுக்கும் இடத்தில் "தூக்கம் வருதில்லை" என்று மட்டும் சொல்லட்டும். அது பொய்யும் இல்லை. மிச்சத்தை உள்ளே டாக்டரிடம் சொல்லிக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஆசிரியர்