ஆறுதல் பிராணிக்கு அனுமதி: கேட்கக் கூச வேண்டாம்

மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறும் மாணவர், தமக்கு ஆறுதல் தரும் பூனையையோ நாயையோ விடுதியில் வைத்துக்கொள்ளலாமா? அமெரிக்காவுக்குப் படிக்கச் செல்லும் நம் மாணவர்கள் சிலர் என்னிடம் இதைக் கேட்டதுண்டு. அங்கே அதற்கு வழி இருக்கிறது, முறையும் இருக்கிறது.

நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் கியர்னி வளாகத்தில் ஒரு மாணவியின் சிறிய நாய்க்கு அனுமதி மறுக்கப்பட்டது. வழக்கு நீதிமன்றம் சென்றது. நியாய வீட்டுவசதிச் சட்டம் மாணவர் குடியிருப்புக்கும் பொருந்தும் என்று 2013இல் தீர்ப்பு வந்தது. 2015இல் இரு மாணவர்களுக்கு 140,000 டாலர் வழங்கப் பல்கலைக்கழகம் இணங்கியது.

உரிமை உண்டு என்பதற்காகப் பிராணியை ஒளித்துக் கொண்டுபோகாதீர்கள். முதலில் எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். உங்களுக்குச் சிகிச்சை அளிப்பவரின் கடிதத்தை இணையுங்கள். நோயின் முழுக்கதை தேவையில்லை. அந்தப் பிராணி உங்களுக்கு எப்படி உதவுகிறது என்பதே முக்கியம். பார்வையற்றோரின் வழிகாட்டி நாய் வகுப்புக்குள்ளும் வரலாம். ஆறுதல் பிராணிக்கு அந்த உரிமை இல்லை, வசிப்பிடத்தோடு சரி.

இணையத்தில் காசுக்கு விற்கும் சான்றிதழை வாங்காதீர்கள். பொய்ச் சான்றுகள் பெருகினால், உண்மையிலேயே தவிப்பவரின் கடிதமும் சந்தேகத்துக்கு உள்ளாகும். அறைத்தோழருக்கு ஒவ்வாமை இருக்கலாம். அவரிடமும் முன்கூட்டியே பேசுங்கள்.

கால் முறிந்தவர் ஊன்றுகோல் கேட்கக் கூசுவதில்லை. மனம் நொந்தவரும் கூச வேண்டியதில்லை என்பதே என் கருத்து. ஆனால், கேட்பதை நேர்மையாகக் கேளுங்கள்.