ராகுகாலமும் சர்க்கரை வியாதியும்

நம் நாட்டில் ஒருவனுக்கு ஆப்பரேஷன் என்று டாக்டர் சொன்ன மாத்திரத்தில் அவன் வீட்டார் முதலாவதாகத் தேடுவது எதை என்றால், பஞ்சாங்கத்தையேயாகும். நோயாளியின் இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருக்கின்றது என்பதைப் பற்றி அவர்களுக்குக் கவலை கிடையாது.

திங்கட்கிழமை காலை 7.30 முதல் 9 வரை ராகுகாலமாம், 10.30 முதல் 12 வரை எமகண்டமாம். சர்க்கரை வியாதிக்காரரின் ஆப்பரேஷனைக் காலையில் முதலாவதாக வைக்க வேண்டுமென்று டாக்டர்கள் சொல்லுவதற்குக் காரணம், அவர் வெறும் வயிற்றோடு கிடக்கும் நேரம் குறைய வேண்டும் என்பதேயாகும். நமது சோசியரோ அதை மத்தியானத்துக்குத் தள்ளிவிடுகிறார். இதற்குள் வீட்டார் பழக்கப்படி கிளிமெபிரைடு மாத்திரையையும் கொடுத்துவிட்டிருந்தாலோ, சர்க்கரை 70க்குக் கீழே இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, நினைவும் தப்பக்கூடும். ராகு வந்து குளுக்கோஸ் ஏற்றுவாரா என்று கேட்கிறோம்.

சர்க்கரை ஏறிக் கிடந்தாலும் ஆபத்துதான். வெள்ளை அணுக்கள் கிருமிகளைக் கொல்லும் வலுவை இழக்கின்றன; புண் ஆறாமல் சீழ் பிடிக்கிறது. உடனே 'கண் திருஷ்டி' என்று பூசணிக்காய் உடைக்கிறார்கள்! அவசரமில்லாத ஆப்பரேஷனானால், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. கூடியமட்டும் 8க்குக் கீழும், ஆப்பரேஷன் சமயத்தில் சர்க்கரை 100க்கும் 180க்கும் இடையிலும் இருக்க வேண்டுமென்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் சொல்லுகிறது. மெட்பார்மினை அன்று நிறுத்துவது வழக்கம். டாபாகிளிப்ளோசின், எம்பாகிளிப்ளோசின் ஆகியவற்றையோ மூன்று நாள் முன்னதாகவே நிறுத்த வேண்டும். ஏனெனில் பட்டினி கிடக்கையில் அவை, சர்க்கரை அதிகம் ஏறாமலேயே இரத்தத்தில் அமிலத்தைப் பெருக்கிவிடக்கூடும். இன்சுலினை மாத்திரம் டாக்டரைக் கேளாமல் அடியோடு நிறுத்தவே கூடாது. இவைகளையெல்லாம் சோசியரிடம் கேட்டால் தெரியுமா? டாக்டரிடமே, எந்த மருந்து எந்த நாளில் என்று காகிதத்தில் எழுதி வாங்க வேண்டிய சங்கதிகள் இவை.

“டாக்டர்கள் மாத்திரம் தவறே செய்யாதவர்களோ?” என்று வைதீகர் கேட்கலாம். செய்வார்கள்தான். 2001ல் பெல்ஜியத்தில் லூவன் நகரில் நடந்த ஆராய்ச்சியைக் கொண்டு, தீவிர சிகிச்சையில் கிடப்போருக்குச் சர்க்கரையை 80க்கும் 110க்கும் இடையில் இறுக்கிப் பிடிப்பதே நல்லதென்று பலர் நம்பினார்கள். 2009ல் வெளியான நைஸ்-சுகர் ஆராய்ச்சியில் 6,000 பேருக்கு மேல் சோதித்துப் பார்த்ததில், அப்படி இறுக்கிய பக்கத்திலேயே சாவு அதிகம் என்று தெரிந்தது. இறுக்கத்தைத் தளர்த்திக் கொண்டார்கள். இதற்காக எவரும் நரகத்துக்குப் போகவில்லை.

ராகுகாலத்தை எந்தச் சோசியர், எத்தனை பேரிடம் சோதித்துப் பார்த்து, எந்த வருஷத்தில் திருத்தினார்?